மெட்டு உங்களுடையது, சொல் அவருடையது: பாரதி பாடல்களுக்குப் பல குழுக்களின் கச்சேரி அமைப்பது

கேள்வி இது: ஊர்த் தமிழ் மன்றம் ஒன்று டிசம்பர் 11, பாரதி பிறந்தநாளன்று, அவர் பாடல்களை மட்டும் வைத்து இரண்டரை மணி நேர நிகழ்ச்சி நடத்த நினைக்கிறது. கர்நாடகப் பாடகர்கள், நாகஸ்வரம், கானா, ராப், ராக் குழு, பறை, சேர்ந்திசை என எட்டுக் குழுக்கள். ஒவ்வொருவரும் தம் பாணியில் பாட வேண்டும். எப்படித் திட்டமிடுவது, எங்கே சொதப்பும்?

முதலில் தயக்கத்தைக் களைந்துவிடலாம். பாரதி பாட்டை ராப்பாகப் பாடலாமா, கிட்டாரில் அடிக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டின் தலைப்பில் பாரதியே பைரவி, ரூபகம் என்று போட்டு, நாலைந்து ஸ்வர வரிசைகளையும் எழுதிவிட்டு, இவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு ‘மனோபாவப்படி மாற்றிப் பாடுக’ என்கிறார். இன்று நாம் எல்லோரும் முணுமுணுக்கும் ராகமாலிகை மெட்டு, ‘மணமகள்’ (1951) படத்துக்கு சி. ஆர். சுப்பராமன் போட்டது, பைரவி அல்ல. ‘காக்கைச் சிறகினிலே’ பாட்டுக்கு அவர் குறித்தது யதுகுல காம்போதி, ஆதி. நம் காதில் இருப்பது எல். வைத்தியநாதன் ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்துக்குப் போட்ட மெட்டு. ஆக, மறுவாசிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்து, அதுவே மரபாகவும் ஆகிவிட்டது. மெட்டை மாற்ற அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது வேறு. எட்டுக் குழுவிடமும் ‘உங்களுக்குப் பிடித்த பாரதி பாட்டு இரண்டு’ என்று கேட்டால், ஐந்து குழு ‘சின்னஞ்சிறு கிளியே’ என்று வந்து நிற்கும். மிச்சப் பேர் சினிமா மெட்டுக்கு அடியில் டிரம்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்குப் பெயர் மறுவாசிப்பு அல்ல. கச்சேரிகளில் எங்கு போனாலும் அதே சில கீர்த்தனைகள்தானா என்று ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் சலித்துக்கொண்டவர் பாரதி. அவர் பெயரில் நடக்கும் நிகழ்ச்சியிலும் அதே பத்துப் பாட்டு என்றால் நியாயமில்லை. பாட்டை நீங்கள் பிரித்துக் கொடுங்கள். மொத்தம் பதினாறு பாட்டு என்றால் சினிமா மெட்டில் நான்கைந்து போதும். அவற்றை இரண்டு பாதிகளிலும் பரப்பி வையுங்கள். கூட்டம் அவற்றுக்காகவும்தான் வருகிறது. மற்றதெல்லாம் புதிதாக மெட்டமைத்தது அல்லது பாரதி குறித்த ராகத்திலேயே பாடுவது. இரண்டாவதே பலருக்குப் புதிதாகக் கேட்கும்.

பிரிக்கும்போது பாட்டின் பொருளைப் பார்க்காமல் தாளக்கட்டைப் பாருங்கள். பாரதி காதால் எழுதியவர். தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அச்சமில்லை அச்சமில்லை’ என்பதைச் சொல்லிப் பாருங்கள்: அச்ச, மில்லை, அச்ச, மில்லை என மும்மூன்று மாத்திரையாக விழும் (ஐகாரம் இங்கே குறுகி ஒலிக்கும்). இந்த நடைக்குப் பெயர் திஸ்ரம். நிமிடத்துக்கு 100 தட்டு வைத்து, தட்டுக்கு மூன்று மாத்திரை என்று போனால் ஒரு முழு வரி எட்டுத் தட்டில் கச்சிதமாக உட்காரும். ராக் குழு இதை நாலு தட்டு நேர் தாளத்தில் அடித்தால் ‘அச்’ நீளும் அல்லது ‘ச’ இழுபடும், பாட்டு நொண்டும். டிரம்மரிடம் ‘ஆறுக்கு எட்டு’ (6/8 தாளம்) என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

‘தீராத விளையாட்டுப் பிள்ளை’ இன்னும் ருசியானது. பாரதி குறித்தது கேதாரம், கண்ட ஜாதி ஏக தாளம். தீராத, தெருவிலே, பெண்களுக், கோயாத: ஒவ்வொன்றும் ஐந்து மாத்திரை. மேடைகளில் பரவிய ராகமாலிகை வடிவத்தை ஒதுக்கிவிட்டு, ஐந்து தட்டில் வாசிக்கத் தெரிந்த ஜாஸ் அல்லது ஃப்யூஷன் குழுவிடம் இதைக் கொடுங்கள். டிரம்மர் 3+2 என்று பிரித்தால் பாட்டு ஓடும், 2+3 என்று பிரித்தால் வம்பிழுக்கும். பிள்ளையின் குறும்புக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் எண்ணம். கேதாரத்தைத் தொட வேண்டியதில்லை. ஐந்தைத் தொட்டால் போதும்.

ராப் பாடுகிறவருக்குத் தேடவே வேண்டாம். ‘புதிய கோணங்கி’ அவருக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. குடுகுடுப்பைக்காரன் குறி சொல்லும் தொனி, ‘சாதிகள் சேருது, சண்டைகள் தொலையுது’ என்று சொல்லுக்கு நான்கு மாத்திரையாக நடக்கும். நிமிடத்துக்கு 88 முதல் 92 தட்டு, தட்டுக்கு ஒரு சொல். பின்னணியில் நிஜ உடுக்கை ஒன்று இருந்தால் வேறு ஒலிக்கோவை தேவையில்லை. வேதபுரம் என்று வருவது புதுச்சேரி; 1908 முதல் 1918 வரை அவர் இருந்த ஊர். இதைத் தொகுப்பாளர் ஒரு வரியில் சொல்லிவிட்டால் கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கும். ராப் கலைஞர்கள் நடுவில் சொந்த வரி சேர்க்கக் கேட்பார்கள். சேர்க்கட்டும், ஆனால் பாரதி முடிந்த பிறகு, தனியாக, யாருடையது என்று தெரியும்படி. வரிக்கு வரி கலந்தால் மறுநாள் அந்த வரியும் பாரதி பெயரில் சுற்றத் தொடங்கிவிடும்.

கானாவுக்குக் கிளிக்கண்ணி: ‘நெஞ்சில் உரமுமின்றி’. நையாண்டியும் ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வரும் கண்ணியும் கானாவின் இயல்பு. பாடகரிடம் ‘கொஞ்சம் இலக்கியமாகப் பாடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு அவரை அழைத்திருக்கவே வேண்டாம். ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ நொண்டிச்சிந்து. தவிலோ டோலக்கோ ஒன்று மட்டும் துணையிருந்தால் போதும். பறைக் குழுவுக்கு ‘மழை’. அதில் ‘தீம்தரிகிட’ என்ற ஜதி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பறையும் மிருதங்கமும் எதிரெதிரே நின்று மாறிமாறிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மெட்டல் குழு இருந்தால் ‘ஊழிக்கூத்து’. வெடிக்கும் அண்டமும் ரத்தக்களியும் அதில்தான். ஆனால் ‘அன்னை, அன்னை’ என்று திரும்பி வரும் பல்லவியைக் கத்தாமல் ஒரு தெளிந்த குரல் பாடட்டும். முழுக்கக் கத்தினால் சொல் ஒன்றும் தேறாது.

சேர்ந்திசைக்கு முன்னோடி இருக்கிறது. எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாரதியைப் பல குரல் அடுக்குகளில் பாடவைத்தவர். அடுக்கும்போது ஒன்று கவனியுங்கள்: கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) மிகுந்த மெட்டின் மேல் ஒத்திசை (ஹார்மனி) வைத்தால் ஸ்வரங்கள் உரசும். நேராக நிற்கும் ஸ்வரங்களில் மட்டும் இரண்டாம், மூன்றாம் குரலைச் சேர்த்து, அசைவு வரும் இடத்தில் எல்லோரையும் ஒரே குரலாக்கிவிடுவது தப்பிக்கும் வழி.

அடுத்தது வரிகளின் சரியான வடிவம். குழுக்கள் பாடல் வரிகளை இணையத்திலிருந்து எடுப்பார்கள், அல்லது சினிமாப் பதிவைக் கேட்டு எழுதுவார்கள். இரண்டிலும் பிழை. சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு போன்ற ஒன்றை முடிவு செய்து, பதினாறு பாட்டையும் நீங்களே தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் எல்லோருக்கும் ஒரே தாளாகக் கொடுங்கள். சரணங்களைக் குறைக்கலாம், நேரம் அப்படி. சரணத்துக்குள் வரியைக் குறைக்கக் கூடாது. சொல்லை நடுவில் உடைத்து மூச்சு விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு: ‘நலங்கெடப் புழுதியில்’ என்பதை ‘நலம்’ என்று நிறுத்திவிட்டு அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) ‘கெட’ என்று எடுத்தால், கேட்பவருக்கு நலம் மட்டுமே கேட்கும். ஒற்றெழுத்தை விழுங்குவது இன்னொன்று; ‘காக்கைச் சிறகினிலே’யில் ‘ச்’ காணாமல் போய்விடும். தமிழ் தெரிந்த ஒருவர் ஒத்திகையில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அவருக்கு இசை தெரிய வேண்டியதில்லை. சாதிப் பெயர்கள் வரும் பாடல்களைப் பற்றிக் கேட்பார்கள். முழுதாகப் பாடுங்கள், அல்லது வேறு பாட்டு எடுங்கள். ஒரு சொல்லை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிப் பாடுவது மோசமான வழி.

இனி சுருதி. இந்த வகை நிகழ்ச்சி கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். கர்நாடக ஆண் பாடகர் 1 முதல் 2 கட்டை (சி முதல் டி), பெண் பாடகர் 5 முதல் 6 கட்டை (ஜி முதல் ஏ). ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் ஏறி இறங்காது. தக்குச் சுருதி (தாழ்ந்தது) ஒன்று, எச்சுச் சுருதி (உயர்ந்தது) ஒன்று என இரண்டு வேண்டும். வித்வானிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒன்றுடன்தான் வருவார், தவறு அவருடையதல்ல. பாரி நாயனம் (நீளமான நாகஸ்வரம்) பொதுவாக 2 அல்லது 2½ கட்டை. அது நகராது, மற்றவர்தான் அதனிடம் போக வேண்டும். புல்லாங்குழலுக்கு ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல். கிட்டாருக்குப் பிரச்சினையே இல்லை: 1½ கட்டை என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்தும் கவ்வி) மாட்டி சி வடிவத்தில் வாசித்துவிடுவார். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) போட்டவர் அடுத்த குழுவுக்கு முன் அதைச் சுழியமாக்கினாரா என்று பார்க்க ஓர் ஆள் வையுங்கள். பதினாறு பாட்டின் சுருதி, தாளம், வேகம் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி மேடையின் இரு பக்கமும் ஒட்டிவிடுங்கள்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு என்ற ஆசை எல்லா அமைப்பாளருக்கும் உண்டு. வழக்கமாக நடப்பது: ஆண்களுக்குச் சரியான சுருதியில் எடுத்தால் பெண்கள் கீழே முனகுவார்கள், பெண்களுக்கு எடுத்தால் ஆண்கள் உச்சியில் கதறுவார்கள். இதற்கு விடை பாரதியிடமே இருக்கிறது. ‘வந்தே மாதரம் என்போம்’ அவர் குறிப்பில் நாதநாமக்கிரியை, ஆதி. ‘நின்னைச் சரணடைந்தேன்’ புன்னாகவராளி. ‘சுட்டும் விழிச்சுடர்’ செஞ்சுருட்டி. மூன்றும் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே (ஆக்டேவ்) புழங்கும் ராகங்கள், மத்யம சுருதியில், அதாவது தம் ‘ம’வையே ‘ஸ’வாக வைத்துப் பாட ஏற்றவை. 6 கட்டைப் பெண் குரலுக்கு மத்யமம் என்பது 2 கட்டை ஷட்ஜம். ஆகவே எல்லோரும் 2 கட்டையில் நின்றால் பெண்களுக்கு அது மத்யம சுருதி, ஆண்களுக்குத் தம் சுருதி, 2 கட்டை நாயனத்துக்குத் தன் வீடு, கிட்டாருக்கு டி. கூட்டமாகப் பாட வேண்டிய பாட்டுக்கு அவர் குறுகிய எல்லையுள்ள ராகத்தைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. இறுதிப் பாட்டு ‘வந்தே மாதரம் என்போம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரணம் வாத்தியமில்லாமல், இரண்டாவதில் பறையும் நாயனமும் நுழையட்டும்.

மேடை. உட்கார்ந்து பாடுவோர், நின்று பாடுவோர் என இரு வகை இருப்பதால் ஒரே இடத்தைக் கலைத்துக் கலைத்து அடுக்கினால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போகும். இடப்பக்கம் 12க்கு 8 அடி, ஓரடி உயரத்தில் மேடைப் பலகை போட்டு விரிப்புடன் கர்நாடகக் குழுவுக்கு நிரந்தரமாக ஒதுக்குங்கள். வலப்பக்கம் டிரம்ஸ், கிட்டார் ஆம்ப், கீபோர்டு. அவையும் நகரக் கூடாது. எல்லா நவீனக் குழுவும் ஒரே டிரம்ஸ் செட்டில் வாசிக்கட்டும், சிம்பலும் குச்சியும் மட்டும் அவரவருடையது. நடுவும் முன்பக்கமும் காலி. பறை, கானா, ராப், சேர்ந்திசை எல்லாம் அங்கே. இப்படி வைத்தால் குழு மாற்றம் மூன்று நிமிடத்தில் முடியும். அந்த மூன்று நிமிடத்தில் மேடையின் ஓரத்தில் ஒரு விளக்கில் பாரதியின் வசன கவிதை வாசியுங்கள். ‘காட்சி’யிலிருந்து ஒரு பகுதி ஒன்றரை நிமிடம் வரும். தொகுப்பாளரின் புகழுரையைவிட அது எவ்வளவோ மேல்.

ஒலிக்கு 32 சானல் டிஜிட்டல் மிக்ஸர் கேளுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் உரிய ஒலி அமைப்பை ஒரு ‘சீன்’ ஆகச் சேமித்துவைக்கலாம் என்பதே காரணம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், வயலினுக்குப் பிக்கப், எலெக்ட்ரானிக் தம்புராவுக்கு டிஐ பாக்ஸ் (கருவியை மைக் இல்லாமல் நேரடியாக மிக்ஸரில் இணைக்கும் பெட்டி). தம்புராவைப் பாடகர் முன் வைத்து அவர் மைக்கிலேயே எடுக்கும் பழக்கத்தை விடுங்கள்; குரலை ஏற்றினால் தம்புராவும் ஏறும். பறைக்குச் சின்ன அரங்கில் மைக்கே வேண்டாம்; 500 பேருக்கு மேல் என்றால் மொத்தக் குழுவுக்கும் இரண்டு. சேர்ந்திசைக்கு ஆளுக்கொரு மைக் என்று கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்: 24 பேருக்குத் தலைக்கு மேல் தொங்கும் நான்கு கண்டென்சர் மைக் போதும், அரைவட்டமாக நிறுத்தினால்.

ஒலிப்பொறியாளரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இது சொல் கேட்க வேண்டிய நிகழ்ச்சி. வல்லின ஒலிகளின் தெளிவு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது; டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் அங்கேதான் குடியிருக்கும். கிட்டாரில் 2.5 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறைத்தால் குரலை ஏற்றாமலே வரி கேட்கும். ராப்பிலும் வேகமான சிந்திலும் எதிரொலியை ஏறக்குறைய மூடிவிடச் சொல்லுங்கள். கர்நாடகப் பாட்டுக்கு வைத்த எதிரொலி அப்படியே ராப்புக்கும் தொடர்ந்து, எல்லாம் கிணற்றுக்குள் கேட்பதுபோல ஆவதுதான் வழக்கமான விபத்து. சவுண்ட் செக்கைத் தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். கடைசிக் குழு முதலில், முதல் குழு கடைசியில். அப்போதுதான் திரை விலகும்போது மேடை முதல் குழுவுக்குத் தயாராக இருக்கும்.

தோல் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் மழைக்காற்றில் பறைத் தோல் தளரும், நெருப்பில் காய்ச்ச வேண்டும். அரங்கத்துக்குள் நெருப்பு விட மாட்டார்கள். வெளியே தீ மூட்ட இடமும் மணல் வாளியும் முன்கூட்டியே அனுமதியோடு ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சியது சீக்கிரம் மீண்டும் தளரும் என்பதால் அவர்கள் மேடையேறும் நேரம் தள்ளிப்போகக் கூடாது. அதனால் பறைக் குழுவை இடைவேளை முடிந்த உடன் வையுங்கள். மிருதங்கமும் குளிர்பதன அறைக்கு வந்ததும் மாறும். வாசிக்க அரை மணி முன்பே உள்ளே வந்துவிட வேண்டும்.

நேரக் கணக்கு: 16 பாட்டு, சராசரி ஐந்தரை நிமிடம், 88. ஏழு குழு மாற்றம் மூன்று நிமிடம் வீதம், 21. வரவேற்பும் நன்றியும் 10. இடைவேளை 15. ஆகமொத்தம் 134, கையிருப்பு 16 நிமிடம். அந்தப் பதினாறையும் சிறப்பு விருந்தினர் ஒருவரே தின்றுவிடுவார். பொன்னாடையை இடைவேளைக்குத் தள்ளுங்கள், அல்லது ஒழித்துவிடுங்கள். கர்நாடகப் பாடகர்களிடம் ஆலாபனைக்கு ஒன்றரை நிமிடம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. மேடையில் கையசைத்து நிறுத்துவது இருவருக்கும் அவமானம். திறந்தவெளி என்றால் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு, ஆறரைக்குத் தொடங்கிவிடுங்கள்.

ஒத்திகைக்கு ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாட்டுத் தாள் போக வேண்டும். இரண்டாவது வார முடிவில் ஒவ்வொரு குழுவும் கைபேசியில் ஒன்றரை நிமிடம் பதிவு செய்து அனுப்பட்டும். தாளம் சொல்லோடு ஒட்டுகிறதா என்று கண்டுபிடிக்க அவ்வளவு போதும். நான்காவது வாரத்தில் கண்டுபிடித்தால் யாரும் மாற்ற மாட்டார்கள். இறுதிப் பாட்டுக்கு எல்லோரும் நேரில் ஒரு முறையாவது சேர வேண்டும்.

உரிமை விஷயத்தில் பலரும் பாதியை மட்டும் அறிந்திருக்கிறார்கள். பாரதி எழுத்துகள் 1949இல் அரசுடைமை ஆயின. ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஆகவே வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். மெட்டு வேறு. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. சுப்பராமன் 1952இலும், ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்துக்குக் ‘காற்று வெளியிடை’ மெட்டுப் போட்ட ஜி. ராமநாதன் 1963இலும் மறைந்தார்கள். அந்த மெட்டுகளுக்குக் காலம் முடிந்துவிட்டது. எல். வைத்தியநாதனின் ‘காக்கைச் சிறகினிலே’, இளையராஜா ‘பாரதி’ (2000) படத்துக்கு அமைத்த ‘நின்னைச் சரணடைந்தேன்’ இரண்டும் காப்பில் இருப்பவை. டிக்கெட் வைத்து நடத்தினால் மேடையில் பாட ஐபிஆர்எஸ் (இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் எடுங்கள். தொழில்முறை அல்லாத மன்றம் கட்டணமின்றி நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது மேடைக்குத்தான். காணொளியாக யூடியூபில் ஏற்றுவது தனி உரிமை. மொத்த நிகழ்ச்சியையும் ஒரே கோப்பாக ஏற்றினால் ஒரு பாட்டின் மெட்டுக்கு வரும் உரிமைக் கோரல் இரண்டரை மணி நேரத்தையும் முடக்கக்கூடும். பாட்டுப் பாட்டாக வெட்டி, புது மெட்டில் அமைந்தவற்றை முதலில் ஏற்றுங்கள். விவரத்தில் ‘பாடல்: பாரதி, மெட்டு: இன்னார்’ என்று குழுவின் பெயரைத் தவறாமல் போடுங்கள்.